நடக்கும் பாதத்துக்கு மாடல் கட்டுவது எப்படி

பாதத்துக்குக் கணினி மாடல் கட்ட வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்? கணுக்கால் எவ்வளவு திருப்புவிசை தருகிறது என்பதா, எலும்புக்குள் எங்கே அழுத்தம் கூடுகிறது என்பதா? முதலாவதற்கு ஓப்பன்சிம் போன்ற மென்பொருளில் எலும்புகளை வளையாத கட்டைகளாக வைத்தாலே போதும். ஸ்கேன் எடுத்து, எலும்பு எலும்பாகப் பிரித்து, மெஷ் (எலும்பைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் கணக்கு வலை) போடும் வேலையெல்லாம் இரண்டாவதற்குத்தான். பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன என்பதற்காக அத்தனையையும் உள்ளே இழுத்துப் போடாதீர்கள். அளக்க முடியாத மூட்டுக்கு நீங்கள் தரும் எண் வெறும் ஊகம்.

ஓப்பன்சிமோடு வரும் நடை மாடல்களில் பாதம் மூன்று துண்டு: தாலஸ் (கணுக்கால் மூட்டின் அடி எலும்பு), குதிகாலோடு சேர்ந்த நடுப்பாதம், விரல்கள். விரல் மூட்டைப் பலர் பூட்டிவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள். முழங்காலையும் இடுப்பையும் பார்ப்பவர்களுக்கு அது சரி. பாதத்தையே பார்க்க வந்தவர் அதைப் பூட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஏன் என்று உங்கள் காலிலேயே பார்க்கலாம். உட்கார்ந்துகொண்டு கட்டைவிரலை மேலே இழுங்கள். உள்ளங்காலில் ஒரு பட்டை விறைக்கும், வளைவு உயரும். குதிகாலிலிருந்து விரல் வரை ஓடும் அந்தத் திசு, விரல் மேலே மடங்கும்போது ராட்டினக் கயிறு போல விரலடி எலும்பின் தலையைச் சுற்றி இழுபடுகிறது. ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் 1954இல் விளக்கிய வின்ட்லாஸ் இயக்கம் இதுதான். நடக்கையில் குதிகால் எழும்போது பாதம் விறைப்பாவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

மூன்று துண்டு மாடலில் இது வரவே வராது, நடுப்பாதம் மடங்காதே. அதனால் அதைப் பின்பாதம், முன்பாதம் என்று பிரித்து இடையில் ஒரு மூட்டு வையுங்கள். பட்டையை இழுவிசை மட்டும் தாங்கும் சுருள்வில்லாகப் போட்டு, விரலடி எலும்பின் தலையில் ஓர் உருளை வைத்து அதன்மேல் சுற்ற விடுங்கள். நடை தரவைத் தொடும் முன், மாடலின் விரலை மட்டும் மேலே மடக்கிப் பாருங்கள். வளைவு உயரவில்லையா? பெரும்பாலும் பட்டை உருளையைச் சுற்றாமல் எலும்பை ஊடுருவிப் போயிருக்கும்.

அப்புறம் அளவீடு. வெறுங்காலில் எடுங்கள், ஷூ மேல் ஒட்டிய மார்க்கர் (அசைவைக் கேமரா பின்தொடர ஒட்டும் சிறு உருண்டை) ஷூவின் அசைவைத்தான் சொல்லும். மார்க்கர் பிழையின் (அளந்த இடத்துக்கும் மாடல் காட்டும் இடத்துக்கும் உள்ள தூரம்) சராசரி 2 சென்டிமீட்டருக்குள் இருந்தால் போதும் என்பது முழு உடலுக்கான கணக்கு. பாதத்தில் அவ்வளவு பிழை விட்டால் தேடும் அசைவே அதில் மறைந்துவிடும். சில மில்லிமீட்டருக்கு இறங்கும்வரை நான் அடுத்த படிக்குப் போவதில்லை.

ஃபோர்ஸ் பிளேட்டில், அதாவது மிதிக்கும் விசையை அளக்கும் தரைத் தகட்டில், செங்குத்து விசை இரண்டு மேடுகளாக, ஒவ்வொன்றும் உடல் எடையைச் சற்றுத் தாண்டி வர வேண்டும். ஆனால் பிளேட் தருவது முழுப் பாதத்துக்கும் சேர்த்து ஒரே விசை. குதிகாலும் முன்பாதமும் ஒன்றாகத் தரையில் இருக்கும் நேரத்தில் எதன்மேல் எவ்வளவு என்று அது சொல்லாது. அழுத்தம் அளக்கும் தகட்டையும் சேர்த்து வைத்தால்தான் அந்த விசையைப் பங்கு பிரிக்க முடியும்.

கடைசியாக, பட்டையின் விறைப்பைப் பாதியாக்கியும் இரட்டிப்பாக்கியும் ஓட்டிப் பாருங்கள். முடிவு தலைகீழாக மாறினால், அந்த எண்ணை உறுதிப்படுத்தாமல் எதையும் எழுதாதீர்கள்.