மூக்கு ஸ்ப்ரே அடித்தால் நெஞ்சு படபடத்தது: என் அனுபவம்

ஏடிஎச்டிக்காக (கவனச் சிதறலும் அதீத துறுதுறுப்பும் உள்ள கோளாறு) தினமும் காலையில் மெத்தில்ஃபெனிடேட் என்ற மாத்திரை சாப்பிடுகிறேன். பெங்களூருக்குக் குடிவந்த பிறகு தும்மலும் மூக்கடைப்பும் விடவே இல்லை. மருந்துக்கடையில் கேட்டு ஒரு ஸ்ப்ரே வாங்கினேன். அடித்த சில நிமிடங்களில் மூக்கு திறந்துகொள்ளும். ஆனால் ஐந்தாம் நாள் நெஞ்சு படபடவென்று அடித்தது, இரவில் அடைப்பு முன்பைவிட மோசம். அப்பாவின் பிரஷர் கருவியில் பார்த்தால் 148/94. நிஜமாகவே பயந்துவிட்டேன்.

பாட்டிலையே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன். உள்ளே இருந்தது சைலோமெட்டசோலின். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கித்தான் அடைப்பை நீக்குகிறது. மெத்தில்ஃபெனிடேட்டும் நாடித்துடிப்பையும் பிரஷரையும் ஏற்றக்கூடியது, இரண்டும் சேரும்போது கவனம் தேவை என்றார். நாள்கணக்கில் அடித்தால் அந்த ஸ்ப்ரேவே அடைப்பை உண்டாக்குமாம். ஏடிஎச்டி மாத்திரையை நானாக நிறுத்தக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார்.

பழைய ஸ்ப்ரேவுக்குப் பதில் ஃபுளூட்டிகசோன் ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தார். இது ஸ்டீராய்டு, இரத்தக் குழாயைச் சுருக்கும் வகை அல்ல. உடனே பலன் தெரியாது, தினமும் அடிக்க வேண்டும். எனக்குப் பத்து நாள் ஆனது. தலையை லேசாகக் குனிந்து, நுனியை நடுச்சுவர் பக்கம் காட்டாமல் காதுப்பக்கமாகச் சாய்த்து அடிக்கிறேன். நடுச்சுவரில் பட்டால் இரத்தம் கசியலாம்.

இப்போது பிரஷர் 122/80. சளி மாத்திரை வாங்கும்போதும், அதேபோல் இரத்தக் குழாயைச் சுருக்கும் சூடோஎஃபெட்ரின், ஃபினைலெஃப்ரின் இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பார்க்கிறேன்.