பழைய டிவிடி, பெரிய டிவி: கணினியிலிருந்து படம் ஓட்டும்போது தெளிவைக் கூட்டுவது எப்படி?

எங்கள் தாத்தா சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் தச்சு வேலை பார்த்தவர். டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய அந்த ஸ்டுடியோவின் முகப்பு வளைவு ஏற்காடு சாலையில் இன்னும் நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அப்பா, தாத்தா செய்த அரண்மனைக் கதவைப் பற்றிப் பேசுவார். அது ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் வருகிறதாம்.

போன தீபாவளிக்கு 43 அங்குல டிவி வாங்கினோம். அப்பா பத்திரமாக வைத்திருந்த டிவிடியை லேப்டாப்பில் போட்டு டிவியில் ஓட்டினேன். கதவு வந்தது, ஆனால் வெறும் சாம்பல் திட்டாக. யாராவது கையை வீசினால் விளிம்பெல்லாம் சீப்புப் பல் போலக் கோடுகள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. டிவிடியில் ஒரு காட்சி (ஃபிரேம்) 720×576 புள்ளிகள், அதாவது சுமார் 4 லட்சத்து 15 ஆயிரம். (சில டிவிடிகளில் 720×480 இருக்கும்.) பழைய 4:3 படம் ஃபுல் எச்டி திரையின் நடுவில் 1440×1080 அளவில் உட்காரும். அதற்கு 15 லட்சத்து 55 ஆயிரம் புள்ளிகள் வேண்டும். ஆக, திரையில் நாம் பார்க்கும் 4 புள்ளிகளில் கிட்டத்தட்ட 3 புள்ளிகள் டிஸ்கில் இல்லாதவை. பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து யாரோ ஊகித்து நிரப்புகிறார்கள். இதைத்தான் அப்ஸ்கேலிங் என்கிறோம்.

அந்த ‘யாரோ’ பிளேயராக இருக்கலாம், கிராஃபிக்ஸ் சிப்பாக இருக்கலாம், டிவியாகவும் இருக்கலாம். மூன்று பேரும் ஆளுக்குக் கொஞ்சம் கை வைத்தால்தான் படம் கெடுகிறது. ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்து மற்றவர்களைச் சும்மா இருக்கச் செய்வதுதான் நம் வேலை.

கேபிளும் விண்டோஸும்

வயர்லெஸ்ஸில் காஸ்ட் செய்யாதீர்கள். பெரும்பாலும் படம் மறுபடி சுருக்கப்பட்டுத்தான் டிவிக்குப் போகும். எச்டிஎம்ஐ கேபிள் போடுங்கள்.

விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸ் திறந்து, ரெசல்யூஷனை டிவியின் சொந்த அளவுக்கு வையுங்கள். ஃபுல் எச்டி டிவி என்றால் 1920×1080. 4கே டிவியும் பழைய லேப்டாப்பும் என்றால், 4கே-யில் 30 ஹெர்ட்ஸ்தான் (திரை வினாடிக்கு 30 முறை புதுப்பிக்கப்படுவது) கிடைக்கலாம். அப்போது 1080-லேயே 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் வைப்பது மேல் என்பது என் அனுபவம்.

அதே இடத்தில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் ரெஃப்ரெஷ் ரேட் இருக்கும். 720×576 டிவிடி வினாடிக்கு 25 காட்சிகள். திரை 60-ல் ஓடினால் சில காட்சிகள் 2 முறையும் சில 3 முறையுமாகக் காட்டப்படும். கேமரா மெதுவாக நகரும் இடங்களில் இது தடுக்கித் தடுக்கித் தெரியும். 50 வைத்தால் ஒவ்வொரு காட்சியும் சரியாக 2 முறை. நடை சீராகிவிடும்.

டிவியை அமைதிப்படுத்துங்கள்

பிக்சர் சைஸில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஃபிட் டு ஸ்கிரீன்’ என்ற மாதிரி ஏதாவது இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் டிவி ஓரங்களை வெட்டி, படத்தை இன்னொரு தடவை பெரிதாக்கும். நாய்ஸ் ரிடக்‌ஷன், மோஷன் ஸ்மூதிங் இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

ஷார்ப்னெஸ்தான் பெரிய வில்லன். கடையில் பளிச்சென்று தெரிவதற்காக ஏற்றி வைத்திருப்பார்கள். கணினியில் பெயின்ட் செயலியைத் திறந்து, பக்கம் முழுக்கச் சாம்பல் நிறம் நிரப்பி, மேலே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று போடுங்கள். டிவிக்குக் கிட்டே போய்ப் பாருங்கள். கோட்டின் இரு பக்கமும் வெள்ளை நிழல் தெரிகிறதா? அது மறையும்வரை ஷார்ப்னெஸ்ஸைக் குறையுங்கள். முதல் இரண்டு நாள் படம் மங்கலாகத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள், கண் பழகிவிடும்.

பிளேயர்

நான் பயன்படுத்துவது எம்பிசி-எச்சி (MPC-HC). இலவசம். பழைய குழு 2017-ல் வேலையை நிறுத்திவிட்டது. அப்புறம் வேறொருவர் தொடர்ந்து புதுப்பித்து வருகிறார், அந்தப் புதிய பதிப்பை இறக்குங்கள்.

வியூ மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் பிளேபேக், அதன் கீழே அவுட்புட். அங்கே ‘எம்பிசி வீடியோ ரெண்டரர்’ (படத்தைத் திரையில் வரையும் பகுதி) தேர்ந்தெடுத்து, பிளேயரை ஒருமுறை மூடித் திறங்கள். படம் ஓடும்போது வலது கிளிக் செய்து ஃபில்டர்ஸில் அதே பெயரை அழுத்தினால் அதன் அமைப்புகள் வரும்.

அதில் ‘யூஸ் ஃபார் ரீசைஸிங்’ டிக்கை எடுத்துவிடுங்கள். பெரிதாக்கும் வேலை கிராஃபிக்ஸ் சிப்பின் கையிலிருந்து பிளேயரின் கைக்கு வந்துவிடும். பிறகு அப்ஸ்கேலிங்கில் ‘லான்சோஸ்3’ வையுங்கள். கொர்னேலியஸ் லான்சோஸ் என்ற ஹங்கேரியக் கணித அறிஞரின் பெயர் அது. அக்கம்பக்கத்து 36 புள்ளிகளைப் பார்த்து ஒரு புதுப் புள்ளியை முடிவு செய்யும் முறை. முகத்தைச் சுற்றி வளையம் மாதிரி தெரிந்தால் ‘கேட்மல்-ராம்’ போட்டுப் பாருங்கள், கொஞ்சம் மென்மையாக இருக்கும். லேப்டாப் பழையதாக இருந்து படம் திக்கினாலும் இதுவே போதும்.

சீப்புப் பல்

எங்கள் கதவை மீட்டது உண்மையில் இந்தப் படிதான். பழைய டிவிடி பலவற்றில் ஒரு காட்சி இரண்டு பாதிகளாக இருக்கும்: ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு பாதி, இரட்டைப்படைக் கோடுகள் இன்னொரு பாதி. இரண்டும் வெவ்வேறு கணத்துக்கு உரியவையாக இருந்தால், கை நகர்ந்த இடத்தில் பாதிகள் பொருந்தாமல் பல் பல்லாகத் தெரியும். தறியில் ஊடை தப்பிய சேலை மாதிரி. இதைச் சரிசெய்யாமல் பெரிதாக்கினால் பல்லும் சேர்ந்து பெரிதாகும். அதனால் இந்தப் பல்லை நீக்கும் வேலை, அதாவது டீஇன்டர்லேஸ், முதலில்; பெரிதாக்குவது அப்புறம்.

அதே அமைப்புப் பக்கத்தில் டீஇன்டர்லேஸிங்கின்போது ஃபிரேம் ரேட்டை இரட்டிப்பாக்கும் டிக் இருக்கும், அதைப் போடுங்கள். வீடியோ பிராசசர் பகுதியில் உள்ள மற்ற டிக்குகளைத் தொடாதீர்கள். சிப் இந்த வேலையைச் செய்ய அவை வேண்டும். விஎல்சி பிளேயர் வைத்திருப்பவர்கள் வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸை ‘ஆன்’ செய்து, மோடில் ‘யாடிஃப்’ தேர்ந்தெடுத்தால் போதும்.

கதாநாயகி குண்டாகத் தெரிந்தால் 4:3 படம் அகலத்துக்கு இழுக்கப்பட்டிருக்கிறது. வலது கிளிக், வீடியோ ஃபிரேம், அதில் 4:3. இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும்.

ஏஐ அப்ஸ்கேலிங் பற்றியும் கேட்பீர்கள். என்விடியா 2023-ல் தன் ஆர்டிஎக்ஸ் கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் எனக்கு அது பிடிக்கவில்லை. ஃபிலிமின் மணல் போன்ற துகள்களை வழித்துவிட்டு முகங்களை மெழுகுப் பொம்மையாக்குகிறது. விசிடி-யில் இருக்கும் படமென்றால் 352×288 தான், அதற்கு எது செய்தாலும் ஓரளவுதான். அதே படத்தின் டிவிடி கிடைக்கிறதா என்று தேடுவது நல்லது.

எல்லாம் முடித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஓட்டினேன். அரண்மனைக் காட்சி வந்ததும் அப்பா, “நிறுத்து கண்ணு” என்றார். ஸ்பேஸ் பாரைத் தட்டினேன். எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்றார். கதவில் மரக் குமிழ்கள் வரிசையாகத் தெரிந்தன, ஒவ்வொன்றின் கீழும் அதன் நிழல். விரலால் தொடாமல் எண்ணிக்கொண்டே வந்தார். மேல் வரிசையில் ஒரு குமிழ் மட்டும் கொஞ்சம் விலகியிருந்தது.

“இதத்தான் அவர் கடைசிவரைக்கும் சொல்லிட்டிருந்தாரு” என்றார்.