ஹாலுக்குக் கார்ப்பெட்: கடைக்குப் போகும் முன் டைல்ஸை எண்ணுங்கள்

டீப்பாய்க்கு அடியில் மட்டும் ஒரு 4×6 அடி கார்ப்பெட்டை விரித்தால், நடுஹாலில் யாரோ மறந்துவிட்டுப் போன கால்மிதி மாதிரிதான் இருக்கும். அதே 4×6 கடையில் தொங்கும்போது பெரிதாகத் தெரியும். அதனால் அளவை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

முதலில் நீளம். மூன்று பேர் உட்காரும் சோஃபா சுமார் 7 அடி. இரண்டு பக்கமும் அரையடி வெளியே தெரிய வேண்டும், ஆக 8 அடி. அடுத்து அகலம்: சோஃபாவின் முன்கால்கள் கார்ப்பெட்மேல் ஏற முக்கால் அடி, கால் நீட்ட ஒன்றேகால் அடி, டீப்பாய்க்கு 2 அடி, அதைத் தாண்டி 1 அடி. மொத்தம் 5. எதிரே ஒற்றை நாற்காலிகளும் போடுவதானால் 6×9 பாருங்கள்.

தரையில் 2 அடி வெட்ரிஃபைடு டைல்ஸ் என்றால் எண்ணியே குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம். ஆனால் அது உண்மையில் 600 மி.மீ.தான், நான்கு டைல்ஸ் சேர்ந்தால் 8 அடிக்கு நான்கு செ.மீ. போலக் குறையும். கடைசி அளவை டேப் வைத்தே எடுங்கள். பிறகு மாஸ்கிங் டேப்பால் தரையில் அந்தச் செவ்வகத்தை ஒட்டி, இரண்டு நாள் அதன்மேல் நடமாடிப் பாருங்கள். அதற்குப் பதில் செய்தித்தாள் விரித்தால் ஃபேன் காற்றில் பறக்கும். செலோ டேப் பிசின் விட்டுப்போகும்.

அடுத்தது கதவு, பலர் கோட்டைவிடும் இடம். கார்ப்பெட் 12 மி.மீ., அடியில் போடும் பேட் 3 மி.மீ., ஆக 15. உள்பக்கம் திறக்கும் கதவுக்கு அடியில் அவ்வளவு இடைவெளி பெரும்பாலும் இருக்காது. அட்டையை 15 மி.மீ. கனத்துக்கு மடித்துத் தள்ளிப் பாருங்கள். நுழையாவிட்டால் கதவு சுழலும் வட்டத்துக்கு வெளியே விரியுங்கள், அல்லது மெல்லிய பருத்தி நெசவுக்குப் போங்கள். புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளம் இதற்குக் கச்சிதம். பேட் இல்லாவிட்டால் மட்டும் வழுக்கும்.

பேட் வாங்கும்போது பி.வி.சி. வலை வேண்டாம், நாளடைவில் தரையோடு ஒட்டி மஞ்சள் கறை விடும். இயற்கை ரப்பர் நல்லது. நான்கு பக்கமும் ஓர் அங்குலம் குறைத்து வெட்டுங்கள்.

ரகம் பற்றிச் சுருக்கமாக: விஸ்கோஸ் பளபளக்கும், தண்ணீர் சிந்தினால் கறை நிற்கும். சணல் கடலோர ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். பின்பக்கம் துணி ஒட்டியிருந்தால் அது டஃப்டெட், அதாவது நெய்யாமல் நூலைக் குத்திப் பிசினால் ஒட்டியது. உள்ளே உள்ள பிசின் சில வருடத்தில் பொடியாக உதிரும். குழந்தைகள் ஓடும் ஹாலுக்குப் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை போதும். ஓரம் சுருண்டால் எதிர்ப்பக்கமாகச் சுருட்டி வைத்துவிட்டு, பிறகு விரித்துப் பாரம் வையுங்கள். இஸ்திரிப் பெட்டி வைத்தால் உருகிவிடும்.

வாரம் ஒருமுறை மடித்துப் போட்டு, துடைத்த தரை ஃபேனில் நன்றாகக் காய்ந்த பிறகே திரும்ப விரியுங்கள். ஈரத்தோடு மூடினால் மூன்றாம் நாளே நாற்றம் வரும்.

ரோபோ வாக்குவம் வைத்திருப்பவர்களுக்கு: குஞ்சம் பிரஷ்ஷில் சிக்கும். குஞ்சம் இல்லாததாகவே வாங்குங்கள். இருந்தால் அடியில் மடித்து இரட்டைப்பக்க டேப் போடுங்கள்.