ஜிம்னிக்கு வீட்டிலேயே புல்பார்: கேட் அடிப்பது போல் அடிக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர்கள் இருக்கும் பக்கம், குறிப்பாக சேட்ஸ்வொர்த்தில், எந்தத் தெருவில் போனாலும் வீட்டு கேட்டும் ஜன்னல் கம்பியும் வெல்டிங் செய்யத் தெரிந்த ஒருவராவது இருப்பார். அதனால் சுசுகி ஜிம்னி மாதிரி, நாலு சக்கரமும் இழுக்கும் சின்ன ஃபோர் பை ஃபோர் வாங்கியவுடன், முன்பக்கத்தைக் காக்கும் இரும்புச் சட்டமான புல்பாரைப் பற்றி "முன்னாடி பாரை நாமே அடிச்சிட்டா என்ன?" என்று தோன்றிவிடுகிறது. அடிக்கலாம். நானும் அடித்தேன், இரண்டு தடவை. முதல் தடவை நான் செய்தது பார் இல்லை, வீட்டு கேட்.

கேட்டுக்குக் கனம் நல்லது, ஜிம்னிக்கு இல்லை. வண்டியே சுமார் 1,100 கிலோதான். நான் 5 மி.மீ. பிளேட் எடுத்தேன், சதுர மீட்டருக்கு 39 கிலோ வரும் (3 மி.மீ. என்றால் 24 கூட வராது). வின்ச்சும் (கயிறு சுற்றி வண்டியை இழுக்கும் மெஷின்) சேர்த்து 60 கிலோ ஆனது. அந்த 60 கிலோ முன் அச்சுக்கு அரை மீட்டருக்கும் மேல் முன்னால் தொங்குகிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம்) 2,250 மி.மீ., பாரின் கனம் அச்சிலிருந்து 600 மி.மீ. முன்னால் என்று வைத்துக் கணக்குப் போட்டால் முன் அச்சில் ஏறும் சுமை 76 கிலோ, பின் அச்சில் 16 கிலோ குறைகிறது. ஸ்பிரிங் அமுங்கி, ஹெட்லைட் தரையைப் பார்த்து, பிரேக் அடித்தால் பின்பக்கம் லேசாகிவிடும். மாமா ஒருவர் பார்த்துவிட்டு, "என்னப்பா, வண்டி கோயில்ல விழுந்து கும்பிடுற மாதிரி நிக்குது" என்றார். இரண்டாவதை 3 மி.மீ. பிளேட்டிலும் 48 மி.மீ. பைப்பிலும் முடித்தேன்.

அடுத்தது, எதில் மாட்டுகிறீர்கள் என்பது. பம்பரைத் தாங்கும் தகட்டிலோ பாடி ஷீட்டிலோ மாட்டினால் பார் எவ்வளவு பலமாக இருந்தும் பயனில்லை, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் நுனியில்தான் உட்கார வேண்டும். சேற்றில் மாட்டி இன்னொரு பக்கி (பிக்கப் வண்டி) வந்து இழுக்கும்போது கயிற்றைப் பாரின் பைப்பில் கட்டவே கட்டாதீர்கள். பிய்ந்து வரும் இரும்புத் துண்டு குண்டு மாதிரி பறக்கும். இழுக்கும் கொக்கி சேசிஸில் தனியாக, பலத்தில் 8.8 கிரேடுக்குக் குறையாத போல்ட்டில் இருக்கட்டும்.

அப்புறம் பாருக்கும் பாடிக்கும் நடுவே இடைவெளி. பாடி ரப்பர் மவுண்டில் உட்கார்ந்து சேசிஸின் மேல் ஆடும், பாரோ சேசிஸோடு இருக்கும். அழகுக்காக 5 மி.மீ. மட்டும் விட்டேன், லெசோதோவுக்குப் போகும் மலைப்பாதையான சானி பாஸ் ஏறி இறங்கியதில் ஹெட்லைட் ஓரத்து பெயின்ட் உரிந்து தகரம் பளபளத்தது. 20 மி.மீ. விடுங்கள். கீழேயும் இறக்காதீர்கள். புது ஜிம்னி 37 டிகிரி வரை மேட்டில் முன்பக்கம் இடிக்காமல் ஏறும், அதைப் பாரை வைத்துக் கெடுத்துக்கொள்வது பாவம். டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து ஒரு நேர்ப்பலகையைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், பார் அதற்கு மேலேயே நிற்க வேண்டும்.

வெல்டிங்கில் எல்லோரும் மாட்டிக்கொள்வது சூடு. முழுத் தையலையும் ஒரே மூச்சில் இழுத்தால் பிளேட் முறுக்கிக்கொள்ளும், மறுபடி மாட்டப் போனால் போல்ட் ஓட்டை எனக்கு 8 மி.மீ. தள்ளி நின்றது. வண்டியில் வைத்தே புள்ளி புள்ளியாக டேக் அடியுங்கள். இரண்டு மவுண்டுக்கும் குறுக்கே ஒரு தற்காலிகக் கம்பி கட்டிக் கழற்றி, இடம் வலம் என்று மாறி மாறி வெல்டிங் செய்யுங்கள். டேக் அடிக்கும்முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள், வண்டியின் கம்ப்யூட்டர் தப்பிக்கும். வேலியில் மிஞ்சிய கால்வனைஸ் (துத்தநாகம் பூசிய) பைப்பை அப்படியே வெல்டிங் செய்யாதீர்கள், அந்த வெள்ளைப் புகை ராத்திரி குளிர்க்காய்ச்சலாகத் திரும்பி வரும்.

ஏர்பேக் உள்ள வண்டி என்றால் முன்னால் நசுங்குவதற்கென்றே கம்பெனி வைத்த பாகங்களை வெட்டி எறியாதீர்கள், மோதலின் அடி எவ்வளவு என்று சென்சார் கணிப்பதே அந்த நசுங்கலைப் பொறுத்துத்தான். நான் அதைத் தொடவில்லை. இன்சூரன்ஸ்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடைசியாகத் துரு. டர்பன் கடல் காற்றில் பைப் உள்ளிருந்தே அரிக்கும். நுனிகளை அடைத்து, தாழ்வான இடத்தில் தண்ணீர் வடிய 6 மி.மீ. ஓட்டை ஒன்று போடுங்கள். சரியான பக்கத்தில் போடுங்கள், ஒரு நண்பர் பாரைத் தலைகீழாக வைத்துத் துளைத்துவிட்டார், இப்போது மழை பெய்தால் அது தண்ணீர்த் தொட்டி.