பூனையிடம் பாடம் கேட்பது எப்படி? அவசரக்காரர்களுக்கான செய்முறை

காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கிய புதிதில், இட்லியைக்கூட மடிக்கணினிக்கு முன்னால் நின்றபடிதான் விழுங்குவேன். "வீட்டில் இருக்கிறாய் என்றுதான் பெயர், ஒரு வாய் உட்கார்ந்து தின்றாயா?" என்று அப்பத்தா கேட்டார். அவர் காலடியில் சாம்பல் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. பூனைகள் ஒரு நாளைக்கு 12 முதல் 16 மணி நேரம் தூங்கும். பொறாமையில் பிறந்த செய்முறை இது.

தேவையானவை: ஒரு பூனை அல்லது நாய், 20 நிமிடம், வேறு அறையில் வைத்துவிட்டு வந்த கைப்பேசி.

படி 1: படுக்கும் இடத்தைக் கவனியுங்கள்

காலை ஏழு மணிக்கு எங்கள் பூனை வளவின், அதாவது வீட்டு நடுவே உள்ள திறந்த முற்றத்தின், மேற்கு ஓரத்தில், இளவெயில் விழும் இடத்தில் கிடக்கும். பதினொரு மணிக்குத் தாழ்வாரத்து ஆத்தங்குடித் தரைக்கல்லுக்கு மாறிவிடும். உச்சி வெயிலில் முகப்பு வாசல் நிலைக்குப் பின்னால் நீட்டிப் படுக்கும். அங்கே என்ன இருக்கிறது என்று ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்த்தேன். காற்று! வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. திறந்த வளவின் வழியே சூடான காற்று மேலேற, தெருப்பக்கக் காற்று அந்தத் தடத்தில் உள்ளே வருகிறது. பிறந்ததிலிருந்து அந்த வீட்டுக்கு வந்து போகிற நான், மின்விசிறிக்கு அடியில் வெந்துகொண்டிருந்தேன்.

பூனையிடமிருந்து இரண்டு முழம் தள்ளி, வெறும் தரையில் உட்காருங்கள். பாய் வேண்டாம். அது எழும்வரை நீங்களும் எழக்கூடாது.

படி 2: மெல்லக் கண் மூடுங்கள்

முறைத்துப் பார்த்தால் பூனை போய்விடும். எனக்கு மூன்று நாள் அப்படித்தான் ஆனது. கண்களைப் பாதி சுருக்கி, மெதுவாக மூடி, இரண்டு விநாடி கழித்துத் திறங்கள். இப்படிச் செய்தால் பூனைகளும் கண்களைச் சுருக்கிப் பதில் தருவதாக பிரிட்டன் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டார்கள். உடனே பதில் வராது. அந்தக் காத்திருப்புதான் பயிற்சியே.

படி 3: நாயை மோப்பம் பிடிக்க விடுங்கள்

நாய் வைத்திருப்பவர்கள் கயிற்றைத் தளர்த்திப் பிடியுங்கள். அது ஒரு மின்கம்பத்தில் ஐந்து நிமிடம் நின்றால் நீங்களும் நில்லுங்கள். நமக்குச் செய்தித்தாள் எப்படியோ, அதற்கு அந்தக் கம்பம் அப்படி. எத்தனை அடி நடந்தோம் என்ற கணக்கை மறந்துவிடுங்கள். எங்கள் ஊர்க் கோடையில் வெயில் ஏறுமுன் கிளம்புவது முக்கியம். புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால், அதன் பாதமும் தாங்காது.

இதற்காகப் புதிதாகப் பூனை வாங்கிவிடாதீர்கள். அதுவும் ஓர் அவசரம்தான். திண்ணைக்கு வந்து போகிற தெருப்பூனை போதும். ஆனால் பால் வைக்க வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காது. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள்.