கொரோனாக் காலத்தை லயத்தில் பதிவு செய்வது எப்படி

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், "கொரோனா நேரம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "கஷ்டந்தான்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். 2020 மார்ச், ஏப்ரல் மாதச் சம்பளத் துண்டைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். நாடே ஊரடங்கில் கிடந்தபோதும் மலையில் கொழுந்து பறித்தார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி இல்லை. துண்டைக் கையில் கொடுத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: "இந்த மாசம் எத்தனை பேர் விழுந்துச்சு அக்கா? அரைப்பேர் எத்தனை? மடுவத்துல நிறுக்கும்போது எப்படி நின்னீங்க? கொழும்புலருந்து வந்த தம்பி எந்தக் காம்பராவில படுத்தாரு?" (பேர் என்பது ஒரு நாள் வேலைக்கான பதிவு, அரைப்பேர் அரை நாளுக்கானது; மடுவம் கொழுந்து நிறுக்கும் இடம்; காம்பரா லயத்து அறை.) பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்குச் சிக்னல் தேடி ஏறிய இடத்துக்கு அவர்களோடு போய்ப் படமெடுங்கள்.

திகதி பெரும்பாலும் நினைவில் இருக்காது. ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 20, வீட்டுக்குள்ளேயே கழிந்த சித்திரை வருடப்பிறப்பு, மலையகத் தொழிற்சங்கத் தலைவரும் அமைச்சருமான ஆறுமுகன் தொண்டமான் காலமான மே 26, நாட்டை மறுபடி மூடிய 2021 ஆகஸ்ட் 20 ஆகியவற்றைச் சொல்லி "அதுக்கு முன்னயா, பின்னயா?" என்று கேட்டால் மாதம் பிடிபடும்.

ஒலிப்பதிவைக் கெடுப்பது மழை. தகரக் கூரையில் தூறல் விழுந்தாலே குரல் அமுங்கிவிடும். வானம் வெளுத்திருக்கும் நாளில் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்காருங்கள். போனை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துவாயின்மேல், வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். முதலில் ஒரு நிமிடம் பதிந்து கேட்டுப் பாருங்கள். வேவ் (WAV) கோப்பாக, ஒற்றைத் தடத்தில் (மோனோ) பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 300 எம்பி இடம் பிடிக்கும்.

கடை பில், ஏடிஎம் சீட்டு ஆகியவற்றை உடனே படமெடுங்கள். அவை சூட்டில் அச்சாகும் தாள்கள். எழுத்து தானாகவே மங்கும். பாதுகாக்கிறோம் என்று லேமினேட் செய்தால் சூட்டில் முழுத்தாளும் கறுத்துவிடும். தடுப்பூசி அட்டையைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டாதீர்கள், மலை ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும். துருப்பிடிக்கும் பின்னைக் கழற்றிவிட்டு, காகித உறையில் போட்டு, அடுப்புப் புகை படாத இடத்தில் வைக்கலாம். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும்போது ஆவணமாக அனுப்புங்கள். இல்லையென்றால் தரம் குறைந்து சிறிய எழுத்து அழியும்.

தொற்று வந்த வீட்டை அயலவர் ஒதுக்கிய கதை கட்டாயம் வரும். அதனால் பேச்சு முடிந்ததும் பெயர் போடலாமா, யார் கேட்கலாம் என்று மறுபடி கேட்டு, பதிலையும் அதே ஒலிப்பதிவில் சேருங்கள். "வேணாம்" என்றால் கோப்பின் பெயரிலும் அவர் பெயரோ லய எண்ணோ இருக்கக் கூடாது. ஒரு பிரதியை அவர்களிடமே கொடுங்கள், இன்னொன்று தோட்டத்துக்கு வெளியே இருக்கட்டும்.