மயில்துத்தமும் லெம்னாவும்: ஒரு வாரச் சோதனை

கன உலோகம் நீர்ச்செடியை என்ன செய்கிறது என்பதை ஜன்னலோரத்திலேயே வைத்துப் பார்த்துவிடலாம். காட்மியம், ஈயம், குரோமியம் எதையும் வீட்டில் தொடவே வேண்டாம். தாமிரம் போதும். பயிரில் பூஞ்சைக்குத் தெளிக்கும் போர்டோ கலவைக்கு வாங்கும் மயில்துத்தம் (காப்பர் சல்பேட் என்ற தாமிர உப்பு) உரக்கடையில் கிடைக்கும். அதுவும் விஷம்தான். கையுறை போடுங்கள், சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

முதலில் செடி. தேங்கிய குளத்தில் பச்சைப் பொட்டுகளாக மிதக்குமே, ஒவ்வொன்றுக்கும் அடியில் நூல்போல ஒரே ஒரு வேர், அதுதான் லெம்னா. கொஞ்சம் அள்ளி வாருங்கள். அதே குளத்துத் தண்ணீரையும் துணியில் வடிகட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கரைசல். 1 லிட்டர் கேன் தண்ணீரில் 1 கிராம் மயில்துத்தம். அதன் எடையில் கால் பங்குதான் தாமிரம். ஆறு பிளாஸ்டிக் டம்ளர்களில் 250 மி.லி. குளத்துநீர் ஊற்றுங்கள். இரண்டை அப்படியே விடுங்கள். இரண்டில் ஊசி இல்லாத சிரிஞ்சால் 1 மி.லி. கரைசல், மற்ற இரண்டில் 5 மி.லி. லிட்டருக்குச் சுமார் 1 மி.கி., 5 மி.கி. தாமிரம் என்று கணக்கு.

டம்ளருக்குப் பன்னிரண்டு இலைகள் போட்டு, நல்ல வெளிச்சத்தில், நேர் வெயில் படாமல் வையுங்கள். ஏழு நாள்.

இனி கவனிப்பதுதான் முக்கியம். பலரும் நிறத்தை மட்டும் பார்ப்பார்கள். நீங்கள் வேரைப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு மிதந்த மூன்று நான்கு இலைகள் தனித்தனியாகப் பிரிந்து போகலாம். வேர்கள் கழன்று டம்ளரின் அடியில் வெள்ளை நூலாகக் கிடக்கலாம். இலை பச்சையாக இருக்கும்போதே இது நடக்கக்கூடும். அப்புறம்தான் வெளுப்பு. தாமிரம் செடிக்குத் துளியளவு தேவை. அளவு மீறினால் பச்சையத்தில் மெக்னீசியம் இருக்கும் இடத்தை அது பிடித்துக்கொள்ளும், ஒளிச்சேர்க்கை தடுமாறும்.

தினமும் இலைகளை எண்ணி எழுதுங்கள். மொட்டுவிடும் குட்டி இலையும் ஒன்றுதான். தாமிரம் இல்லாத டம்ளரிலேயே இலை பெருகவில்லை என்றால் வெளிச்சமோ தண்ணீரோ சரியில்லை, மறுபடி தொடங்குங்கள். குளத்துநீரில் மட்கிய பொருள் அதிகமிருந்தால் அது தாமிரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்; 1 மி.கி. டம்ளரில் பாதிப்பு குறைவாகத் தெரியலாம்.

முடிந்ததும் தண்ணீரைக் குளத்திலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். பழைய வாளியில் மண் நிரப்பி அதில் ஊற்றிக் காயவிட்டு, பையில் கட்டி, அபாயகரமான குப்பையாகக் கொடுத்துவிடுங்கள். லெம்னாவையும் அதிலேயே போடுங்கள். வாத்துக்கோ கோழிக்கோ வேண்டாம், தாமிரம் இலைக்குள் சேர்ந்திருக்கும்.